சுரங்கமும் சம்மதமும்

அணு உலையில் பயன்படுத்திய எரிபொருளில் புளூட்டோனியம் தங்கிவிடுகிறது. அதன் வீரியம் பாதியாகக் குறையவே 24,000 ஆண்டுகள் ஆகும். இதனை எங்கே புதைப்பது? 2012 நவம்பரில், கூடங்குளம் வழக்கின்போது, மத்திய அரசுத் தரப்பு உச்ச நீதிமன்றத்தில் கோலார் தங்கச் சுரங்கத்தைக் குறிப்பிட்டது. சுரங்கம் 2001இலேயே மூடப்பட்டுவிட்டது. ஆனால், தலைமுறை தலைமுறையாக அங்கு உழைத்த தமிழ்க் குடும்பங்கள் இன்னும் அங்கேதான் வாழ்கின்றன. நாகூரில் வீட்டை விற்பவர்கூட முதலில் அண்டை வீட்டாரிடம் ஒரு வார்த்தை சொல்வாரே! கோலாரில் கிளர்ச்சி மூண்டது. அப்படியொரு திட்டமே இல்லையென அரசு மறுத்தது.

ஃபின்லாந்திலோ, மறுக்கும் உரிமை பெற்ற எவுராயோக்கி ஊர் மன்றம் 2000இல் சம்மதித்த பின்னரே, 400 மீட்டருக்கும் கீழே பாறையைக் குடைந்து கிடங்கு அமைத்தனர். நம் நாட்டுக் கருத்துக் கேட்புக் கூட்டத்திற்கு அவ்வதிகாரம் இல்லை. கூடங்குளத்தின் எரிபொருள் கிடங்கிற்காக 2019 ஜூலையில் ராதாபுரத்தில் கூடவிருந்த கூட்டமும் தள்ளிவைக்கப்பட்டது.