பிறப்பிடம் தெரியாத புற்றுநோய்

கல்லீரலில் கட்டி. சிலருக்கு எலும்பில், சிலருக்குக் கழுத்து நிணநீர் முடிச்சில். பயாப்ஸி செய்தால் புற்றுநோய்தான். ஆனால் அங்கே பிறந்ததல்ல, வேறெங்கிருந்தோ பரவி வந்தது. சி.டி. ஸ்கேன், எண்டோஸ்கோப்பி எல்லாம் பார்த்தும் மூலம் பிடிபடுவதில்லை. புற்றுநோயாளிகளில் நூற்றுக்கு 2 முதல் 5 பேருக்கு இந்த நிலை. இறந்தபின் உடலைத் திறந்து ஆராய்ந்தபோது, நான்கில் மூன்று பேரிடம் மூலக்கட்டி அகப்பட்டிருக்கிறது. நுரையீரலிலும் கணையத்திலும்தான் அதிகம்.

"எங்கே ஆரம்பித்தது?" என்று குடும்பம் தவிக்கும். தவிப்பு நியாயமானது. ஆனால் அதற்காக ஸ்கேன்மேல் ஸ்கேனாக எடுத்து வாரக்கணக்கில் அலைவது நோயாளியின் உடம்பையும் வீட்டுப் பணத்தையும் கரைத்துவிடும். தனிச் சிகிச்சை உள்ள வகையா இது என்பதைத்தான் முதலில் பார்க்க வேண்டும்.

ஒரு பெண்ணுக்கு அக்குளில் மட்டும் நெறிக்கட்டி. மார்பில் எதுவும் தட்டுப்படவில்லை, மேமோகிராமிலும் ஒன்றுமில்லை. அமெரிக்க அறுவை மருத்துவர் வில்லியம் ஹால்ஸ்டெட் 1907இலேயே இத்தகையவர்களைப் பற்றி எழுதினார். இன்று மார்பை எம்.ஆர்.ஐ. எடுத்தால் பாதிக்கு மேற்பட்டோரிடம் ஒளிந்திருக்கும் கட்டி தெரிகிறது. தெரியாவிட்டாலும் மார்பகப் புற்றுநோயாகவே கருதிச் சிகிச்சை தருகிறார்கள், பலர் குணமாகிறார்கள். எலும்பில் பரவி, ரத்தத்தில் பி.எஸ்.ஏ. என்ற புராஸ்டேட் புரதம் கூடியிருக்கும் ஆணுக்குப் புராஸ்டேட் புற்றுநோய்ச் சிகிச்சை. இப்படி வழியுள்ளவர்கள் நூற்றில் 15 முதல் 20 பேர். இவர்களில் ஒருவரைக்கூடத் தவறவிடக் கூடாது.

அதற்குத் திசு போதுமான அளவு வேண்டும். மெல்லிய ஊசியில் உறிஞ்சிய சில செல்கள் போதாது. சற்றுத் தடித்த ஊசியால் திசுத் துண்டையே எடுக்கும் கோர் பயாப்ஸி தேவை. அந்தத் திசுவுக்குச் சாயமேற்றி நோயியல் மருத்துவர் தடம் பார்க்கிறார்: டி.டி.எஃப்-1 புரதம் இருந்தால் நுரையீரல் அல்லது தைராய்டு, சி.டி.எக்ஸ்-2 இருந்தால் குடல் என்று சந்தேகம் குவியும்.

தனிச் சிகிச்சை இல்லாத மற்றவர்களுக்குப் பெரும்பாலும் கார்போபிளாட்டின், பாக்லிடாக்சல் போன்ற கீமோதான். பலர் ஓராண்டைத் தாண்டுவதில்லை. வலி தணிக்கும் சிகிச்சையை முதல் நாளே தொடங்கிவிட வேண்டும்.

கட்டியின் மரபணு மாற்றத்துக்கேற்ற மருந்து தந்தால்? மூன்று சுற்று கீமோவில் நோய் கட்டுப்பட்ட 436 பேரிடம் நடந்த 'கியூபிஸ்கோ' ஆய்வு 2024இல் வெளியானது. நோய் முற்றாமல் இருந்த இடைநிலைக் காலம் கீமோவைத் தொடர்ந்தவர்களுக்கு 4.4 மாதம், மரபணுச் சோதனையின்படி சிகிச்சை பெற்றவர்களுக்கு 6.1 மாதம். சிறு முன்னேற்றம், பொருந்தும் மாற்றம் கிடைத்தவர்களுக்கு அதைவிடப் பெரிது. அந்தச் சோதனைக்கும் திசு வேண்டும். ஆகவே பயாப்ஸி முடிந்ததும் மெழுகில் பதித்த திசு 'பிளாக்'கை லேபில் கேட்டுப் பத்திரப்படுத்துங்கள். அடுத்த மருத்துவர் கேட்பது அதைத்தான்.