ஓர் ஈட்டுக்கு எத்தனை கிலோ?

பந்தலூர்ப் பகுதியில் சங்கக் கணக்குகளைப் பார்வையிடச் சென்ற சமயம், அங்கத்தினர் ஒருவர் தம் இல்லத்தின் பின்கட்டுக்கு நம்மை அழைத்துச் சென்றார். வீட்டிலேயே தேயிலைத் தூள் தயாரிப்பதற்காகக் கடன்பட்டு வாங்கிய உருட்டு இயந்திரம் அங்கே சாக்குப் போர்த்திக் கிடந்தது. ஒரே தடவையில் 20 கிலோ வாட்டிய இலையை உருட்ட வல்லது. "தூள் புளிப்படிக்கிறது, ஐயா, இலையில்தான் ஏதோ கோளாறு" என்றார். இலையில் கோளாறில்லை; இயந்திரத்திலும் இல்லை.

30 கிலோ பசுந்தேயிலை இரவு முழுதும் வாடினால் ஏறக்குறைய 20 கிலோவாகும். அவ்வளவையும் இயந்திரம் ஒருங்கே உருட்டிவிடுகிறது. ஆனால் அவருடைய உலர்த்தும் தட்டுகள் கொள்வதோ 4 கிலோ. அது உலர ஒரு மணிக்கு மேல் செல்லும். உருட்டிய இலை காற்றுப்பட்டு நிறம் மாறத் தொடங்கியபின் நமக்காகக் காத்திராது. இரண்டு மூன்று மணி நேரமே அதற்குத் தவணை. அதற்குள் சூடுகாட்டி நிறுத்தியாக வேண்டும். முதல் ஈடு இரண்டாம் மணியில் அடுப்பேறினால், ஐந்தாம் ஈட்டின் முறை வர ஆறு மணிக்கு மேலாகிறது. புளிக்காமல் என்ன செய்யும்?

ஆகவே சாமான் வாங்கப் புகுவோர் உலர்த்தும் தட்டிலிருந்து பின்னோக்கிக் கணக்கிடுதல் வேண்டும். தட்டு 4 கிலோ கொண்டால், பறிக்க வேண்டியது 6 கிலோ கொழுந்து. கிடைக்கும் தூள் ஒன்றேகால் கிலோ அளவில் இருக்கும். மெல்லப் பரப்ப நான்கு பாய்கள் தேவை. இவ்வளவை உருட்ட இயந்திரமே வேண்டா. மூங்கில் தட்டியும் இருவர் கைகளும் போதும். தென்மேற்குப் பருவமழையில் நனைந்த இலை எளிதில் வாடாது. அக்காலத்தில் பாதியளவே எடுப்பது உத்தமம்.

சிறிய ஈடு என்பதால் வெட்கப்பட வேண்டியதில்லை. சீனாவில் லோங்ஜிங் என்னும் உயர்ந்த பச்சைத் தேயிலையை இருப்புச் சட்டியில் கையால் வறுப்போர், ஒரு தடவைக்கு 200 கிராமுக்கும் குறைவாகவே இடுகின்றனர்.

மிகுதி இலை சங்கத்துக்கே உரியது. 1962-ல் குந்தாவில் தொடங்கிய நம் தொழிற்கூட்டுறவுத் தேயிலைத் தொழிற்சாலைகள் பெருமளவு இலைக்கென்றே அமைந்தவை. வீட்டுத் தூளுக்கு நேர்த்தியான கொழுந்தில் சில கிலோ ஒதுக்கினால் போதும். அதையும் சங்கத்தில் தெரிவித்துவிட்டே ஒதுக்குக. விற்பதாயின் உணவுப் பாதுகாப்புப் பதிவும் அவசியம்.

அந்த உருட்டு இயந்திரம் என்னவாயிற்று? பாதி வயிற்றுக்கு இலையிட்டால் அது சரிவர உருட்டாது. விற்றாலோ பாதி விலைகூடத் தேறாது. அண்டை வீட்டார் நால்வரிடம் பேசிப் பார்க்கச் சொன்னோம். இப்பொழுது வாரத்தில் ஒரு நாள் ஐந்து வீட்டாரும் ஆளுக்கு 4 கிலோ வாட்டிய இலை கொண்டுவந்து ஒன்றாக உருட்டி, பங்கிட்டு, அவரவர் வீட்டுத் தட்டில் உடனே ஏற்றிவிடுகின்றனர். கடன் தவணையும் ஐந்தாகப் பிரிந்திருக்கிறது.