ஆறடி வாயிலின் காவலன்

பந்தை வலைக்குள் செலுத்தியவனை நாம் தோளில் தூக்கிக் கொண்டாடுகிறோம். வலைக்கு முன் நின்றவனையோ, அவன் தவறவிட்ட பந்தைக் கொண்டே பெரும்பாலும் நினைவில் வைக்கிறோம். இவ்வேறுபாடு மிகத் தெளிவாய்ப் புலப்படும் ஆட்டம் ஒன்று வட அமெரிக்கக் கல்லூரிகளில் உண்டு. அதன் பெயர் லக்ரோஸ்.

நுனியில் வலைப்பை பின்னிய கோலால் பந்தைப் பிடித்து, ஏந்தி ஓடி, எறியும் ஆட்டம் இது. ஐரோப்பியர் வருமுன்பே அம்மண்ணின் பழங்குடி மக்கள் இதனை ஆடிவந்தனர். ஈரோக்குவா மக்கள் இதனைப் படைத்தவர் அளித்த கொடையாக இன்றும் போற்றுகின்றனர். ஹூரன் மக்களிடையே மறைப்பணி ஆற்றிய இயேசு சபைக் குரு புனித ஜான் தெ பிரெபெப், நோயுற்றோர் நலம்பெறும் பொருட்டு ஊரார் இதனை ஆடியதைத் தம் 1636ஆம் ஆண்டு அறிக்கையில் குறித்துள்ளார். 1877இல் நியூயார்க் பல்கலைக்கழகமும் மன்ஹாட்டன் கல்லூரியும் மோதியதிலிருந்து கல்லூரிகளில் இது வேரூன்றியது.

கால் விநாடிப் பொழுது

ஆடவர் ஆட்டத்தில் அணிக்குப் பதின்மர். அவருள் ஒருவரே கோல் காவலர். அவர் காப்பது ஆறடி அகலமும் ஆறடி உயரமும் உள்ள வாயில். பந்து கிரிக்கெட் பந்தைவிடச் சற்றுச் சிறியது. ஆனால் உள்ளும் புறமும் கெட்டியான ரப்பர். தேர்ந்த கல்லூரி வீரர் எறிந்தால் மணிக்கு 145 கிலோமீட்டர் வேகத்தில் வரும். பத்து மீட்டர் தொலைவிலிருந்து அது வலையை எட்டக் கால் விநாடி போதும். ஆகவே, பந்து புறப்பட்ட பின் சிந்திக்க நேரமில்லை. எறிபவரின் கோல்நுனியிலேயே கண்ணைப் பதித்து, முதலில் கையையும் உடன் காலையும் பந்தை நோக்கிச் செலுத்த வேண்டும். அஞ்சிப் பின்வாங்குவது மனித இயல்பு. முன்னே அடி வைப்பதே காவலர் கற்கும் முதற்பாடம்.

அவருடைய பணி தடுப்பதோடு முடிவதில்லை. பந்து எங்கே இருக்கிறது என்பதை இடைவிடாது உரக்கக் கூறி, தற்காப்பு வீரரை வழிநடத்துபவர் அவரே. பந்தைப் பிடித்ததும் தம் வட்டத்துக்குள் அவருக்கு நான்கே விநாடி. அதற்குள் அதை நண்பரிடம் எறிந்தோ, வட்டத்தை விட்டு வெளியேறியோ தாக்குதலைத் தொடங்கிவைக்க வேண்டும்.

உயிருக்கும் இடர்

கவசம் அணிந்தாலும் கைகால்களில் கன்றிய தழும்புகள் இயல்பே. அதனினும் பெரிய இடர் ஒன்றுண்டு. இதயத் துடிப்பின் மிகக் குறுகிய ஒரு கணத்தில் மார்பின்மேல் பந்து மோதுமாயின், நலமான இதயமும் தடுமாறி நின்றுவிடக்கூடும். 2004 மார்ச்சில் கார்னெல் பல்கலைக்கழக அணித்தலைவருள் ஒருவரான ஜார்ஜ் போயார்டி, கோல் காவலர் அல்லர் எனினும், எதிரணியினர் எறிந்த பந்து மார்பில் பட்டுக் களத்திலேயே சாய்ந்தார், உயிர் பிழைக்கவில்லை. இதயத்தைக் காப்பதற்கென வகுத்த தரமுடைய மார்புக்கவசம் இன்று கோல் காவலருக்குக் கட்டாயம். நின்ற இதயத்தை மின்னதிர்ச்சியால் மீட்கும் கருவி களத்தருகே இருப்பது எத்துணை இன்றியமையாதது என்பதும் இதனால் விளங்கும்.

பாதி தோற்று, மீண்டும் நிற்றல்

இவ்வளவு உழைத்தும் பயன் யாது? வாயிலை நோக்கி வரும் பந்துகளில் பாதிக்குச் சற்று மேல் தடுத்தாலே அவர் நல்ல காவலர். பத்துக்கு ஆறு தடுத்தால் மிகச் சிறந்தவர். அப்படியெனில் மிகச் சிறந்தவரும் பத்தில் நான்கு முறை, எல்லார் கண்ணெதிரே தோற்கிறார் அன்றோ? ஒவ்வொரு முறையும் வலையிலிருந்து பந்தை எடுத்துக் கொடுத்துவிட்டு, அடுத்த பந்துக்கு முதற் பந்துபோலவே நிற்க வேண்டும். போன பந்தை எண்ணிக் கலங்குபவர் வரும் பந்தைக் காணமாட்டார்.

கல்லூரிகளின் சிறந்த கோல் காவலருக்கு ஆண்டுதோறும் வழங்கப்படும் விருது, மேரிலாந்து பல்கலைக்கழகத்தில் இவ்வாட்டம் ஆடி, 1942 ஜூனில் மிட்வே போரில் உயிர்நீத்த விமானி மார்க்லண்ட் கெல்லியின் பெயரைத் தாங்கியுள்ளது. காத்து நின்றவர்களுக்கு அது தக்க மரியாதையே.

நம் இல்லங்களிலும் தேர்வில் தவறிய பிள்ளை உண்டு. தொழிலில் நொடித்த தந்தையும் உண்டு. அவர்களிடம் போன பந்துகளின் கணக்கைக் கேட்காதிருப்போம். அடுத்த பந்துக்கு அவர்கள் நிமிர்ந்து நிற்கத் துணைநிற்போம்.