அடைப்பு எடுக்க ஆள் வேண்டாம், கருவி போதும்

ஞாயிற்றுக்கிழமை காலையில் எங்கள் செல்பேசிக்கு இப்படி ஓர் அழைப்பு வருவது வழக்கமாகிவிட்டது. வாரம் ஆறு நாளும் பனியன் கம்பெனிக்கு ஓடும் திருப்பூர்க்காரர்களுக்கு வீட்டுக் குழாயையும் கழிப்பறையையும் கவனிக்கக் கிடைப்பது அந்த ஒருநாள்தான். சென்ற மாதம் அழைத்தவர் எட்டு லைன் வீடுகளுக்குச் சொந்தக்காரர்.

“ஏனுங்க, கக்கூஸ் அடைச்சுக்கிச்சு. உங்க பக்கம் ஆள் யாராச்சும் இருந்தா அனுப்பி வையுங்க” என்றார். பிளம்பரைக் கூப்பிடவில்லையா என்று கேட்டோம். “வந்தாருங்க. கொழா வேலைன்னா பாப்பேன், இதுக்கு வேற ஆளைப் பாருங்கன்னு சொல்லிப் போட்டுப் போயிட்டாரு” என்றார்.

‘உங்க பக்கம்’ என்றால் எந்தத் தெரு, ‘வேற ஆள்’ என்றால் எந்தச் சாதி என்பது அவருக்கும் தெரியும், எங்களுக்கும் தெரியும். கொங்கு மண்ணில் அருந்ததியர் தெருவைப் பெயர் சொல்லாமல் சுட்டுகிற வழி அது. “ஆளை அனுப்ப மாட்டோமுங்க. கருவி வாங்கிக்கொண்டு நாங்கள் வருகிறோம். நீங்களும் கூட நில்லுங்கள்” என்று சொன்னோம்.

போனோம். கைப்பிடி வைத்த நீளமான ஸ்பிரிங்கை உள்ளே விட்டு, அதை அவர் கையாலேயே சுழற்றச் சொன்னோம். அரை மணி நேரத்தில் அடைப்பு வெளியே வந்தது. பனியன் கட்டிங் துணி! வண்டி துடைக்க, தரை துடைக்க, மாதவிடாய்க்கு என்று இந்த ஊரில் எல்லாவற்றுக்கும் பயன்படும் துணிதான். குழாய்க்குள் போனால் கரையாது, முறுக்கிக்கொண்டு நிற்கும். கையுறை போட்ட கையால் அதை எடுத்துக் குப்பையில் போட்ட வீட்டுக்காரர், “இவ்வளவுதானுங்களா?” என்று கேட்டார். இவ்வளவுதான். இந்த வேலைக்காகத்தான் தலைமுறை தலைமுறையாக ஒரு சாதியின் கையைக் கருவியாக வைத்திருந்தோம்.

வீட்டில் இருக்க வேண்டியவை

பெரிய பெட்டி எதுவும் வேண்டாம். முதலில் ரப்பர் பம்பு. கட்டையில் ரப்பர் கிண்ணம் மாட்டிய கருவி. சிங்க், பாத்ரூம் சல்லடைக்கு அடி தட்டையாக இருப்பதை வாங்க வேண்டும். மேலைநாட்டுக் கழிப்பறைக்கு, கிண்ணத்துக்கு உள்ளிருந்து இன்னொரு வளையம் நீண்டிருக்கும் வகை பொருந்தும். கிண்ணம் மூழ்குமளவு தண்ணீர் இருந்தால்தான் அழுத்தம் உண்டாகும். சிங்க்கில் மேலே வழிவுத் துளை இருந்தால் ஈரத்துணியால் அடைத்துக்கொள்ள வேண்டும். பத்துப் பதினைந்து முறை விடாமல் அழுத்தி இழுத்தால் பெரும்பாலான அடைப்புகள் விலகிவிடும்.

அதற்கு மசியாத அடைப்புக்குத்தான் ஸ்பிரிங். சிங்க், பாத்ரூம் குழாய்க்கு மூன்று முதல் ஐந்து மீட்டர் நீளம் போதும். கழிப்பறைக்கு, வளையும் இடத்தில் பிளாஸ்டிக் அல்லது ரப்பர் உறை போட்டதைக் கேட்டு வாங்குங்கள். வெறும் கம்பியை விட்டால் பீங்கானில் கீறல் விழும். குத்தித் தள்ளக் கூடாது, ஒரே திசையில் சுழற்றிக்கொண்டே உள்ளே விட வேண்டும். முழங்கை வரை வரும் ரப்பர் கையுறையையும் சேர்த்து வாங்கிவிடுங்கள். இந்த மூன்றும் சேர்ந்து ஆயிரம் ரூபாய்க்குள் அடங்கும். எட்டு லைன் வீடுகளுக்கு ஒரு செட் போதும். அதை வாங்கி வைப்பது வாடகை வாங்குகிறவரின் பொறுப்பு.

குழாய் வேலைக்கு ஒரு பைப் ரெஞ்ச், ஒரு ஸ்க்ரூ ஸ்பேனர், ஹேக்ஸா பிளேடு, டெஃப்லான் டேப். பைப் ரெஞ்சுக்குப் பல் உண்டு. அது இரும்புக் குழாய்க்கு மட்டும். பளபளப்பான டேப்பில் அதைப் போட்டால் பூச்சு உரிந்துவிடும். அங்கே துணி சுற்றி ஸ்பேனர் போடுங்கள். டெஃப்லான் டேப்பை மரை திருகும் திசையிலேயே சுற்ற வேண்டும். எதிர்த்திசையில் சுற்றினால் மாட்டும்போது பிரிந்து, ஒழுகல் நிற்காது. பி.வி.சி.க்கும் சி.பி.வி.சி.க்கும் பசை வேறு வேறு. கடையில் குழாயின் பெயரைச் சொல்லி வாங்குங்கள்.

ஓர் எச்சரிக்கை. அடைப்பு போகவில்லை என்று ஆசிட்டை ஊற்றி, அதன் மேலேயே பிளீச்சிங் பவுடரையும் போடுகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டும் சேர்ந்தால் குளோரின் வாயு கிளம்பும். பூட்டிய சின்னக் கழிப்பறையில் அது மூச்சை அடைத்துவிடும்.

கருவி முடியும் எல்லை

வீட்டுக் கருவிகளின் எல்லை, வாசலில் இருக்கும் சேம்பர் மூடியோடு முடிகிறது. அதைத் தாண்டிய செப்டிக் டேங்குக்குள் எந்தக் கருவியோடும் எந்த மனிதரும் இறங்கக் கூடாது. உரிமையாளரும் கூடாது, ‘வேற ஆளும்’ கூடாது.

தொட்டிக்குள் உருவாகும் ஹைட்ரஜன் சல்ஃபைடு குறைந்த அளவில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். அளவு கூடினால் மூக்கின் உணர்வையே மழுங்கடித்துவிடும். நாற்றம் இல்லை, இறங்கலாம் என்று நினைக்கிற நேரம்தான் சாவு நேரம். சாயப் பட்டறைத் தொட்டிகளில் ஆபத்து இன்னும் அதிகம். சல்ஃபைடு கலந்த கழிவோடு அமிலம் சேர்ந்தாலும் அதே வாயுதான் வரும். முதலில் இறங்கியவர் சாய்ந்ததும், காப்பாற்ற இறங்குகிறவரும் சாய்கிறார். அதனால்தான் இந்தச் சாவுகள் இரண்டாக, மூன்றாக வருகின்றன.

2025 மே மாதம் நம் மாவட்டத்துக் கரைப்புதூரில் ஒரு சாய ஆலையின் கழிவுத் தொட்டியைச் சுத்தம் செய்யப்போன தலித் தொழிலாளர்கள் மூவர் நச்சுவாயு தாக்கி இறந்தார்கள். சாயக் கழிவு நொய்யலைக் கெடுத்தபோது, 2011 ஜனவரியில் சென்னை உயர் நீதிமன்றம் சாய ஆலைகளை மூடச் சொன்னது. அதன் பிறகு ஒரு சொட்டுக் கழிவும் வெளியே போகாத தொழில்நுட்பத்துக்குப் பெரும் பணம் செலவழித்த ஊர் இது. ஆற்றைக் காக்க இயந்திரம் வந்துவிட்டது. தொட்டிக்கு மட்டும் இன்னும் மனிதர் போகிறார்.

சட்டம் தெளிவாகவே இருக்கிறது. மனிதக் கழிவை மனிதரே அகற்றும் வேலையைத் தடை செய்து 1993இல் ஒரு சட்டம் வந்தது. 2013ஆம் ஆண்டுச் சட்டம், பாதுகாப்பின்றிச் சாக்கடையிலும் செப்டிக் டேங்கிலும் ஆளை இறக்குவதையே குற்றமாக்கியது. முதல் முறைக்கு இரண்டாண்டு வரை சிறை அல்லது 2 லட்ச ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். 2014இல் உச்ச நீதிமன்றம் 1993 முதல் நிகழ்ந்த சாவுகளுக்கு 10 லட்ச ரூபாய் இழப்பீடு என்றது. 2023 அக்டோபரில் அதை 30 லட்சமாக உயர்த்தியது. ‘அவரே சம்மதித்துத்தான் இறங்கினார்’ என்று சொல்லி உரிமையாளர் தப்பிக்க முடியாது. கூலிக்கு வந்தவரின் சம்மதம் குற்றத்தைக் கழுவாது.

தொட்டி நிறைந்தால் உறிஞ்சு லாரியைக் கூப்பிடுங்கள். அதற்காகத் தமிழக அரசு 14420 என்ற எண்ணை வைத்திருக்கிறது. இரண்டு மூன்று ஆண்டுக்கு ஒருமுறை தொட்டியை எடுத்துவிட்டால் நடு இரவில் பொங்கி வழியாது, ‘ஆள்’ தேடும் அவசரமும் வராது.

நம் பிள்ளைகளுக்கு ஒரு சொல்

குழாயைத் தொடுகிறவர் பிளம்பர், அதே குழாயின் மறுமுனையைத் தொடுகிறவர் ‘வேற ஆள்’. இருவருக்கும் நடுவே இருப்பது சாதிதான் என்றாலும், அது கருவியின் வடிவிலும் கண்ணுக்குத் தெரிகிறது. பிளம்பர் பையோடு வருகிறார், நாற்காலியும் காபியும் கிடைக்கின்றன. நம் ஆள் வெறுங்கையோடு வருகிறார், பின்பக்கச் சந்து வழியாக அழைக்கப்படுகிறார்.

ஐ.டி.ஐ.யில் பிளம்பர் பிரிவு ஓராண்டுப் படிப்புதான். சொந்தமாக உறிஞ்சு லாரியோ பிளம்பிங் கடையோ வைக்க நினைக்கிறவர்களுக்கு, அண்ணல் அம்பேத்கர் தொழில் முன்னோடிகள் திட்டத்தில் 35 சதவீத மானியம் உண்டு. மாவட்டத் தொழில் மையத்தில் விண்ணப்பிக்கலாம். தாட்கோ கடன் திட்டங்களையும் கேட்டுப் பாருங்கள். இறங்குகிற வேலை வேண்டாம். இயக்குகிற வேலை நம்முடையதாகட்டும்.

அந்த லைன் வீட்டுக்காரர் போன வாரம் மறுபடி அழைத்தார். ‘ஆள்’ கேட்கப்போகிறார் என்றுதான் நினைத்தோம். “அந்த ஸ்பிரிங் எந்தக் கடையில வாங்குனீங்க? பக்கத்துக் காம்பவுண்டுக்காரர் கேக்கறாருங்க” என்றார். கடைக்கு வழி சொன்னோம்.