பறங்கிப்பேட்டை இரும்பாலையும் விறகுக் கணக்கும்

நோட்டன் பிரிட்ஜில் இரும்புச் சாமான் கடை நடத்துபவன் நான். கவ்வாத்துக் கத்தி, மண்வெட்டி, முள்ளு, கூரைத் தகரம் என்று முப்பது வருடம் ஓடிவிட்டது. சென்ற மாதம் தங்கையின் மகன் வந்து, "மாமா, விறகுப் போறணை வைத்து ஒரு பேக்கரி போடப்போகிறேன். பாதி முதல் நீங்கள் தர வேண்டும்" என்றான். மா, சீனி, கூலி, வாடகை எல்லாம் கொப்பியில் வடிவாக எழுதியிருந்தான். விறகுக்கு மட்டும் ஒரே ஒரு வரி. தோட்டத்தில் இப்போது மரம் வெட்டுகிறார்களாம், மலிவாகக் கிடைக்கிறதாம்.

"மூன்றாம் வருடம்?" என்று கேட்டேன். சிரித்தான். அவனுக்குச் சொன்ன கதையைத்தான் இந்த வாரம் எழுதுகிறேன்.

தமிழ்நாட்டில் கடலூருக்குத் தெற்கே, வெள்ளாறு கடலில் விழும் இடத்தில் இருக்கிறது பறங்கிப்பேட்டை. வெள்ளைக்காரருக்கு அது போர்ட்டோ நோவோ. முஸ்லிம்களுக்கு மஹ்மூது பந்தர். மரக்காயர்களின் கப்பல் வியாபாரத்துக்குப் பேர்போன ஊர். அங்கே 1830இல் ஜொசையா மார்ஷல் ஹீத் என்பவர் ஐரோப்பிய முறையில் இரும்பாலை ஒன்றைத் தொடங்கினார். கிழக்கிந்தியக் கம்பனியின் உத்தியோகத்தில் இருந்தவர். சேலம் பக்கத்து இரும்புத் தாதுவைக் கண்டு மயங்கி, உத்தியோகத்தை விட்டார். சென்னை மாகாணத்தில் இந்த முறையில் இரும்பு செய்யும் தனி உரிமையைக் கம்பனி அவருக்குக் கொடுத்தது. கடனும் கொடுத்தது.

சரக்கில் குறை இல்லை. பறங்கிப்பேட்டை இரும்பு இங்கிலாந்துக்குக் கப்பலேறியது. ஷெஃபீல்ட் உருக்குக்காரர்கள் அதை வாங்கினார்கள்.

இடறியது அடுப்பில். இங்கிலாந்தில் ஆப்ரஹாம் டார்பி 1709இலேயே நிலக்கரியைச் சுட்டெடுத்த கோக்கினால் இரும்பு உருக்கிக் காட்டிவிட்டார். பறங்கிப்பேட்டையில் நிலக்கரி ஏது? விறகுக் கரிதான். ஒரு தொன் இரும்புக்குப் பல தொன் கரி, அந்தக் கரியில் ஒவ்வொரு தொன்னுக்கும் நாலைந்து தொன் மரம். பக்கத்துக் காடு தீர்ந்ததும் அடுத்த காடு, பிறகு அதற்கும் அப்பால். தாதுவோ ஏறத்தாழ 200 கிலோமீட்டர் தூரத்திலிருந்து வர வேண்டும். துறைமுகம் வாசலில் இருப்பதைப் பார்த்து இடம் பிடித்தவருக்கு, அடுப்புக்குப் போடுவது ஒவ்வொரு வருடமும் தூரப் போனது. 1853இல் கிழக்கிந்திய இரும்புக் கம்பனி என்று புதுப் பெயர், புது முதல். மலபாரில் பேப்பூரிலும் ஆலை வைத்தார்கள். ஆனாலும் 1870களில் எல்லாம் அடங்கிவிட்டது.

ஹீத்தின் சொந்தக் கதை இன்னும் கசப்பானது. இங்கிலாந்து திரும்பி, உருக்கில் மாங்கனீசு சேர்க்கும் முறைக்கு 1839இல் ஆக்கவுரிமை எடுத்தார். அதனால் ஷெஃபீல்டில் நல்ல உருக்கின் விலை தொன்னுக்கு முப்பது, நாற்பது பவுண் இறங்கியது. மாங்கனீசையும் கரியையும் தனியே சேர்த்து உருக்கி வைக்காமல், நேரே உருக்குச் சட்டியில் போட்டால் இன்னும் மலிவு என்பதையும் அவரே கண்டு, தன் ஏஜண்டு அன்வினிடம் சொன்னார். அன்வின் அப்படியே செய்தார், உரிமைப் பணம் கொடுக்கவில்லை. பத்திரத்தில் எழுதியது ஒன்று, நான் செய்வது வேறொன்று என்பது அவர் வாதம். வழக்கு வருடக்கணக்கில் இழுபட்டது. ஹீத் இறந்த பிறகு, 1855இல் பிரபுக்கள் சபை அன்வின் பக்கம் தீர்த்தது. வாய்ப்பேச்சில் வியாபாரம் செய்கிற நம்மவர்கள் இந்த இடத்தை இரண்டு தரம் வாசிக்கலாம்.

எங்கள் ஊர் ஆற்றின் கதை வேறு. பொறியியலாளர் டி. ஜே. விமலசுரேந்திர, கெஹெல்கமு ஓயா, மஸ்கெலி ஓயா நீரிலிருந்து மின்சாரம் எடுக்கலாம் என்று 1918இலேயே கணக்குப் போட்டு எழுதினார். அடுப்புக்கு என்ன போடுவது என்பதிலிருந்து தொடங்கிய கணக்கு அது. லக்சபான 1950இல் ஓடத் தொடங்கியது. நோட்டன் பிரிட்ஜ் மின்நிலையத்துக்கு அவர் பெயரையே வைத்திருக்கிறார்கள்.

மருமகன் போன கிழமை திரும்பி வந்தான். இப்போது விறகுக்கு ஒரு முழுப் பக்கம். மின்சாரப் போறணைக்கு விலையும் கேட்டு வைத்திருக்கிறான். நான் இன்னும் பணம் கொடுக்கவில்லை. விறகுப் பக்கத்தில் லொறிக் கூலியைக் காணோம்.