நேரலை பிந்துவது ஏன்?

புத்தூரிலிருந்து ஏறத்தாழ 80 கிலோமீட்டர் தொலைவிலுள்ள ஸ்ரீஹரிகோட்டாவினின்று, 2023 ஜூலை 14ஆம் நாள் பிற்பகல் 2.35 மணிக்குச் சந்திரயான்-3 விண்ணில் ஏவப்பெற்றது. இத்தகைய ஏவுதலைக் கைபேசி நேரலையில் காண்போர், பல விநாடிகள் பிந்தியே காண்கின்றனர். இது கருவியின் பழுதன்று. காட்சி சிறுசிறு துண்டுகளாக்கப்பட்டு இணையத்தின் வழியே வருகிறது. கைபேசி அவற்றுள் சிலவற்றைத் தேக்கிக்கொண்ட பின்னரே காட்டத் தொடங்குகிறது. வரத்துக் குன்றும்போது, ஏரிநீர் பயிரைக் காப்பதுபோல, இத்தேக்கமே படம் தடைபடாது காக்கிறது.

தேக்கம் வற்றினால் படம் நின்றுவிடும். அப்போது படத்தின் தரத்தை ஒரு படி தாழ்த்துவதும், பிற பதிவிறக்கங்களை நிறுத்துவதும், சிக்னல் வலுவாயுள்ள இடத்திற்குப் பெயர்வதும் பயன் தரும். படம் நின்றதனால் கூடிய தாமதம் ‘நேரலை’ பொத்தானை அழுத்த நீங்கும். முன்சொன்ன தாமதமோ எஞ்சியே நிற்கும். ஆதலின் புத்தூர்வாசிகள், வானம் தெளிந்திருப்பின், கைபேசி எண்ணி முடிக்கும்வரை காத்திராமல், குறித்த மணிக்கே கீழ்வானை நோக்குவார்களாக.