அந்த லெட்டரைப் போடாம இருந்திருந்தா..?

உங்க காலேஜ் க்விஸ் டீம்ல ஒரு கேள்வியைப் போட்டுப் பாருங்க... 'அமெரிக்க உள்நாட்டுப் போர் எதுக்காக நடந்துச்சு?' 'அடிமை முறையாலதான்'னு பலரும் சொல்வாங்க. ஆனா, ஒருத்தர் மட்டும் லேசா தொண்டையைச் செருமிக்கிட்டு, 'அதெல்லாம் மேலோட்டம் பாஸ், நிஜமான சண்டை மாநில உரிமைக்கு'ன்னு எடுத்துவிடுவார். ரொம்ப விஷயம் தெரிஞ்ச ஆள் மாதிரியே இருக்கும். அவருக்கு நீங்க ஆன்டனி பர்ன்ஸ் கதையைச் சொல்லுங்க.

பர்ன்ஸ், வர்ஜீனியா மாநிலத்தில் அடிமையாகப் பிறந்தவர். 1854-ன் தொடக்கத்தில் ரிச்மண்ட் துறைமுகத்தில் கப்பலேறி, ஒளிந்தபடியே பாஸ்டன் வந்து சேர்ந்தார். பாஸ்டன் இருக்கும் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் அடிமை முறை கிடையாது. ஒரு துணிக்கடையில் வேலையும் கிடைத்தது. அப்போ அவருக்கு இருபது வயசுகூட முடியலை. கிட்டத்தட்ட உங்க வயசு!

எழுதப் படிக்கத் தெரிந்தவர். ஊரில் இன்னும் அடிமையாகவே இருந்த சகோதரனுக்கு ஒரு லெட்டர் எழுதினார். உஷாரா கனடா வழியாத்தான் அனுப்பினார். ஆனா, உள்ளே பாஸ்டனில் இருப்பதைச் சொல்லிட்டார். அது முதலாளி கைக்குப் போய்ச் சேர, மனுஷன் கிளம்பி வந்துட்டார். மே 24-ம் தேதி, நகைக்கடையில் திருடினதா ஒரு பொய்க் காரணம் சொல்லி பர்ன்ஸை மடக்கினாங்க.

'சுதந்திர மாநிலத்துக்குள்ள வந்து எப்படிப் பிடிக்கலாம்?'னு கேட்கிறீங்களா? அங்கதான் 1850-ல் வந்த தப்பியோடிய அடிமைகள் சட்டம் நிக்குது. அது தென் மாநிலங்கள் போராடி வாங்கின மத்திய சட்டம். பிடிபட்டவருக்கு ஜூரி விசாரணை கிடையாது. தன் தரப்பில் அவரே சாட்சி சொல்லவும் முடியாது. தப்பியவருக்கு உதவினா 1,000 டாலர் வரை அபராதம், ஆறு மாதம் வரை ஜெயில். இதைவிட ஒரு கூத்து இருக்கு. விசாரிக்கும் கமிஷனருக்கு, 'இவர் அடிமைதான்'னு அனுப்பினா 10 டாலர் ஃபீஸ், விடுதலை பண்ணினா 5 டாலர்! காரணம் கேட்டா, 'அனுப்புறதுக்குப் பேப்பர் வேலை ஜாஸ்தி'ன்னாங்க. நம்புறவங்க நம்பலாம்.

ஊர் கொதிச்சுப் போச்சு. மே 26 ராத்திரி, கறுப்பர்களும் வெள்ளையர்களுமா ஒரு கூட்டம் கோர்ட் கதவை உடைச்சு உள்ளே போகப் பார்த்தது. கைகலப்பில் ஒரு காவலர் செத்தார். பர்ன்ஸைக் காசு கொடுத்து மீட்க ஊரே சேர்ந்து 1,200 டாலர் திரட்டியது. அரசு வக்கீல் குறுக்கே விழுந்து அதையும் கெடுத்தார். 'எவ்வளவு செலவானாலும் சரி'ன்னு பிரசிடென்ட் பியர்ஸிடமிருந்து தந்தி வந்தது.

ஜூன் 2-ம் தேதி தீர்ப்பு, 'திருப்பி அனுப்பு!' ஒரே ஒரு இளைஞனைக் கப்பல் வரை கூட்டிட்டுப் போக ராணுவம், பீரங்கி எல்லாம் தெருவில் இறங்கின. சுமார் 50,000 பேர் ரெண்டு பக்கமும் நின்னு பார்த்தாங்க. கட்டடங்களில் கறுப்புத் துணி. ஒரு இடத்தில் 'சுதந்திரம்'னு எழுதின சவப்பெட்டி தொங்கியது. அதுவரை 'அது தெற்கத்திக்காரங்க பிரச்னை, நமக்கென்ன'ன்னு இருந்த பணக்கார வியாபாரிகள்கூட அன்னிக்கு மாறிட்டாங்க.

அதில் ஒருத்தர் ஆமோஸ் லாரன்ஸ், பெரிய ஜவுளித் தொழில் குடும்பம். பர்ன்ஸ் காவலில் இருந்த அதே வாரம், மே 30-ல், கான்சாஸ்-நெப்ராஸ்கா சட்டம் கையெழுத்தானது. 'அடிமை முறை வேணுமா, வேண்டாமான்னு அந்தந்தப் பிரதேசத்துக் குடியேறிகளே ஓட்டுப் போட்டு முடிவு பண்ணிக்கட்டும்'கிறது ஐடியா. கேட்க நல்லாத்தான் இருக்கு. ஆனா, நடந்தது ஆள் சேர்க்கிற போட்டி. ஓட்டுப் போடுறதுக்குன்னே பக்கத்து மிசௌரியிலிருந்து ஆயுதத்தோடு வந்தாங்க. வடக்கேயிருந்து குடியேறினவங்களுக்கு லாரன்ஸ் பணத்தைக் கொட்டினார், அவங்க ஊருக்கு அவர் பேரையே வெச்சாங்க. 1856-ல் அந்த ஊரையே சூறையாடினாங்க. அடுத்த நாள், அடிமை முறையைத் தாக்கிப் பேசின செனட்டர் சம்னரை, செனட் சபைக்குள்ளேயே தென் கரோலினா எம்.பி. பிரஸ்டன் புரூக்ஸ் கைத்தடியால் அடிச்சுச் சாய்ச்சார். தெற்கிலிருந்து புரூக்ஸுக்குப் புதுக் கைத்தடிகள் பரிசா வந்து குவிஞ்சது!

அப்புறம் எல்லாம் சரசரன்னு... 1857-ல் 'கறுப்பர்கள் குடிமக்களே கிடையாது'ன்னு சுப்ரீம் கோர்ட் டிரெட் ஸ்காட் தீர்ப்பு. 1859-ல் ஆயுதக் கிடங்கைப் பிடிக்கப் போன ஜான் பிரவுனுக்குத் தூக்கு. 1860 நவம்பரில் லிங்கன் ஜெயிச்சதும், டிசம்பர் 20-ல் தென் கரோலினா பிரிஞ்சு போச்சு.

இப்போ நம்ம 'மாநில உரிமை' நண்பருக்கு வருவோம். ஏன் பிரியறோம்னு தென் கரோலினா ஒரு அறிக்கையே வெளியிட்டது. அதில் பெரிய குறை என்ன தெரியுமா? வட மாநிலங்கள் தனியா சட்டம் போட்டு, தப்பிவந்த அடிமைகளைத் திருப்பித் தர மறுக்குதாம். நியூயார்க் வழியா அடிமையைக் கூட்டிட்டுப் போகக்கூட அங்கத்து கோர்ட் விடலையாம். அதாவது, வடக்கு தன் மாநில உரிமையைப் பயன்படுத்தினதுதான் அவங்க புகாரே! மாசசூசெட்ஸ் அப்படிச் சட்டம் போட்டது 1855-ல், பர்ன்ஸ் போன மறு வருஷம்.

1861 ஏப்ரலில் தொடங்கின போரில் 6 லட்சத்துக்கும் அதிகமானவங்க செத்தாங்க.

பர்ன்ஸ்? ரிச்மண்டில் நாலு மாசம் விலங்கோட ஜெயிலில் கிடந்தார். அப்புறம் இன்னொருத்தருக்கு வித்துட்டாங்க. பாஸ்டன்காரங்க விடலை. தேடிக் கண்டுபிடிச்சு, 1855-ல் 1,300 டாலர் கொடுத்து மீட்டாங்க. ஓபர்லின் காலேஜில் படிச்சார், கனடாவில் பாதிரியார் ஆனார். 1862 ஜூலையில் காசநோய் அவரைக் கொண்டுபோனபோது வயசு 28. அவரைப் பிடிச்சுக் கொடுத்த அந்தச் சட்டத்தை ரத்து பண்ண அமெரிக்காவுக்கு 1864 ஜூன் ஆச்சு.